டெபாசிட்

காட்சி முடிந்து
கடைசி ஆளும் வெளியேறியபின் எனக்கு வேலை.
செம்பூர் மாநகராட்சி அரங்கின் மேடையில்
டார்ச்சோடு குனிந்து ஆணித் துளைகளை எண்ணுவேன்.
துளைக்கு ஐம்பது ரூபாய்.
கற்பூரக் கரிக்கு முந்நூறு.
இருக்கை கிழிந்தால் துணி விலையும் தையல் கூலியும்.
தேங்காய் உடைத்த தடத்துக்கு விதி இல்லை;
பெட்நேகர் சார் நூறு என்றார், நூறு.

அரங்கேற்றக்காரர்கள்தான் சண்டைக்கு வருவார்கள்.
"பதினாறு லட்சம் செலவு பண்ணியிருக்கோம்,
அம்பது ரூபாயக் கேட்டு நிக்கறீங்களே!"
அம்பது இல்லை மேடம், நானூற்றைம்பது.
ஒன்பது ஆணி.

பதினோரு வருடத்தில்
ஒரு நாடகமும் முழுசாகப் பார்த்ததில்லை.
ஆனால் எதில் கொலை உண்டென்று
தரையைப் பார்த்தே சொல்வேன்,
சிவப்புச் சாயம் இடது விங் ஓரம்தான் சொட்டும்.
பள்ளி ஆண்டுவிழாவில் எந்தப் பட்டாம்பூச்சி
பயத்தில் மூத்திரம் போனதென்றும் தெரியும்.
அதற்குக் கழிப்பதில்லை.
துடைத்துவிட்டு 'ஈரம்' என்று எழுதுவேன்.

ஜூலையில் அந்தச் செவ்வாய்க்கிழமை
நாலா பொங்கி
பின்பக்கக் குடிசைகளுக்குள் ஏறியது.
வார்டு ஆபீஸிலிருந்து போன்: அரங்கைத் திற.
வாடகை யார் கணக்கில் என்று கேட்டுவிட்டேன்,
பழக்கதோஷம்.
மறுமுனையில் ஒரு கெட்ட வார்த்தை,
மராட்டியில் அது இன்னும் உருண்டையாக இருக்கும்.

எண்ணூற்றுப் பன்னிரண்டு இருக்கை.
வந்தது தொள்ளாயிரத்துச் சொச்சம்.
சிலிண்டர், டிவி, ரேஷன் கார்டு பொதிந்த பிளாஸ்டிக் உறை,
வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை
என்ற பலகைக்குக் கீழே
நனைந்த ஆடு ஒன்று.
மறுநாளே வரிசைகள் தெருக்களாகிவிட்டன.
"கே-காரங்க தண்ணி புடிச்சாச்சு, எல்-காரங்க வாங்க!"
ஒப்பனை அறையில்
பல்பு வரிசைக் கண்ணாடிகளுக்கு எதிரே
பால் கொடுக்கும் தாய்மார்,
ஒவ்வொருத்தியும் இரண்டிரண்டு பேராக.

மேடைக்கு மட்டும் ஆள் இல்லை.
ஊரே பார்க்கும் என்று கூச்சம்.
கடைசியில் துளசா காம்ப்ளே ஏறி
நட்டநடுவில் பாய் விரித்தாள்.
ஒழுகாத இடம் இது ஒன்றுதானே என்றாள்.

மூன்றாம் நாள், விடியாத நாலேகால்.
எந்தப் பொடியனோ விங்குக்குள் புகுந்து
பொத்தானை அழுத்திவிட்டான்.
ஒரு மணி.
கொஞ்சம் விட்டு, இரண்டு.
இந்த ஊரில்
மூன்றாவது அடித்தால் பேச்சு நிற்கும்,
கையிலிருக்கும் பட்டாட்டா வடையும் நிற்கும்.
மூன்றாவதும் அடித்தது.

தொள்ளாயிரம் பேர் எழுந்து உட்கார்ந்து
மேடையைப் பார்த்தார்கள்.

ஜெனரேட்டரின் ஒற்றை மஞ்சள் வெளிச்சத்தில்
துளசா தலை வாரிக்கொண்டிருந்தாள்.
குப்பை லாரிக்கு ஆறு மணி ஷிப்டு,
ஊர் முங்கினாலும் ஆஜர் உண்டு.
எல்லாரும் பார்ப்பதைப் பார்த்தாள்.
சீப்பு நிற்கவில்லை.
சிக்கெடுத்தாள், பின்னினாள்,
பல்லில் கடித்திருந்த ஹேர்பின்னை எடுத்துச் செருகினாள்,
உதிர்ந்த முடியைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு
மெதுவாக எழுந்தாள்.
பால்கனியில் எவனோ கைதட்டினான்.
தூங்குடா மூதேவி, என்றாள்
இருட்டைப் பார்த்து.
நான் கதவோரம்
கடைசிவரை நின்றேன்.

வெள்ளிக்கிழமை வடிந்தது. போனார்கள்.
டார்ச்சோடு குனிந்தேன்.
ஆணித் துளை, இல்லை.
கரி, இல்லை. அடுப்பெல்லாம் போர்டிகோவிலேயே மூட்டினார்கள்.
எல் வரிசையில் ஆட்டுப் புழுக்கை.
கண்ணாடிகளில் ஒட்டுப்பொட்டு பதினேழு.
மேடை நடுவில் ஹேர்பின், கறுப்பு, ஒன்று;
காணாமல்போன பொருள் பதிவேட்டில் ஏற்றினேன்.

நிகழ்ச்சியின் பெயர் என்ற கட்டத்தில்
'மழை' என்று எழுதினேன்.
அமைப்பாளர் என்ற கட்டத்தில்
'மாநகராட்சி, நாலா தூர்வாரும் பிரிவு'.
பெட்நேகர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்பவும் படித்தார்,
அந்த வரியை அடித்துவிட்டு
'இயற்கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை இரண்டு ஷோ இருந்தது.